நான்கு கால்கள் உள்ள ஒரு விலங்கு

“அது கழுதை இல்லை. குதிரை.”

தொலைபேசிப் பதிவில் இருந்த குரல் அவ்வளவுதான் சொன்னது. பிறகு ஒரு செருமல். பிறகு, “படிக்கிறவரை ஒரு நல்ல கண் டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த குரல்காரருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

“மறுபடி போடுங்க மேடம். யார் யாரைக் கண் டாக்டர்கிட்ட போகச் சொல்றாங்கன்னு நான் இன்னொரு தடவை கேட்கணும்.”

“வேண்டாம் சார். ஏற்கனவே மூணு தடவை கேட்டாச்சு” என்றார் பொறுப்பாளர் அம்மா.

அது பார்வையற்றோருக்கான ஒலி நூலகம். மாடியில் இரண்டு அறைகள், கீழே ஒரு அலுவலகம், அவ்வளவுதான். ஒவ்வொரு புதன்கிழமையும் குரல்காரர் ஒலிப்பதிவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு வார இதழை முதல் அட்டை தொடங்கிப் பின்னட்டை வரை படிப்பார். மறுநாள் அது உறுப்பினர்களின் போனுக்குப் போய்விடும். பதினோரு வருடமாக இதுதான் வேலை. அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. மற்றபடி உள்ளே, வெளியே, வீட்டில்கூட அவர் குரல்காரர்தான்.

இதழில் அவருக்கு உயிர், கடைசிப் பக்கம். அந்தப் பக்கத்தில் ஒரு கேலிச்சித்திரம் வரும். வரைபவர் பெயர் யாருக்கும் தெரியாது. மூலையில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கொசு வரைந்திருப்பார். அதனால் அவருக்குப் பெயரே கொசு. படத்துக்குக் கீழே ஒரு வரி. பக்கத்தில், போன வாரப் படத்தைப் பற்றி வாசகர்கள் எழுதிய கருத்துகள். ஆக, ஒரே பக்கத்தில் படம், எழுத்து, கருத்து மூன்றும். இந்த மூன்றையும் காதால் மட்டும் கேட்கிறவர் சிரிக்கும்படி சொல்ல வேண்டும். அது லேசுப்பட்ட காரியம் இல்லை. குரல்காரர் அதில் புலி என்று ஊரே சொன்னது. ஊர் என்றால் உறுப்பினர்கள் நானூற்றுச் சொச்சம் பேர்.

அந்தச் சொச்சத்தில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் இந்தக் குரல். உறுப்பினர் எண் நானூற்றுப் பதினேழு. சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, இது இரண்டாவது புகார். முதல் புகார், படத்தில் இருந்த பெண் சிரிக்கிறாள் என்றது. பல்வலியில் துடிக்கிறாள் என்று குரல்காரர் படித்திருந்தார்.

“கண்ணால பார்த்தவன் நான். பார்க்காத மனுஷன் எனக்குத் திருத்தம் சொல்றாரு. இது எந்த ஊர் நியாயம் மேடம்?”

“வீட்டுல யாராவது பார்த்துச் சொல்லியிருப்பாங்க சார்.”

“அப்போ அந்த யாராவதைத்தான் டாக்டர்கிட்ட அனுப்பணும்.”

“அப்புறம் மறுபடி கூப்பிட்டு இன்னொண்ணும் சொல்லியிருக்கார், எழுதி வெச்சிருக்கேன். கேளுங்க” என்று பொறுப்பாளர் அம்மா தாளைப் பார்த்துப் படித்தார். “‘தலைவர் குதிரை மேல உட்கார்ந்து சாட்டையால அடிக்கிறார். குதிரைன்னா ஜனங்க ஓடத் தயாரா இருக்காங்க, மேல இருக்கறவருக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு அர்த்தம். கழுதைன்னா ஜனங்களே கழுதைன்னு அர்த்தம். ஒரே வார்த்தையில படத்தைத் தலைகீழா கவுத்துட்டார் உங்க ஆளு.’”

அதில் நியாயம் இருந்தது. அதுதான் குரல்காரருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“நாலு புகார் வந்தா விதி என்னன்னு உங்களுக்கே தெரியும்” என்றார் பொறுப்பாளர் அம்மா, மேசையைப் பார்த்துக்கொண்டே.

தெரியும். நாலாவது புகார் வந்தால் ஆளை மாற்றிவிடுவார்கள். வார இதழ் வேறொருவருக்குப் போகும். குரல்காரர் அரசு அறிவிப்புகளைப் படிக்க வேண்டும். டெண்டர் திறக்கும் தேதி, சாலை அகலப்படுத்தும் அளவு, இணைப்பு அ, இணைப்பு ஆ. சிரிக்க வைத்த குரல் ஓய்வு பெறும் வரை இணைப்பு ஆ படிக்க வேண்டும்.

அன்று மாலையே கண் டாக்டரிடம் போனார். ரோஷம்தான். டாக்டர் பழைய கண்ணாடியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று கொடுத்தார். வீட்டுக்கு வந்து புதுக் கண்ணாடியோடு படத்தைப் பார்த்தார். முன்பு கழுதை மங்கலாகத் தெரிந்தது. இப்போது தெளிவாகத் தெரிந்தது.

மனைவியிடம் நீட்டினார். “நீயே பார்த்துச் சொல்லு. இது என்ன?”

அந்த அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உற்றுப் பார்த்தார்.

“பன்னிக்கு எதுக்குங்க கடிவாளம்?”

குரல்காரர் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

கொசுவோ அந்த விலங்கை விடுவதாக இல்லை. அந்தக் குண்டுத் தலைவரையும் அவர் சவாரி செய்யும் அதையும் வாரா வாரம் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த புதன்கிழமை ஒலிப்பதிவு அறையில் குரல்காரர் பொத்தான்காரரைக் கூப்பிட்டார். பொத்தான்காரர் என்பவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்கிறவர். வாழ்க்கையில் எதற்குமே ஆச்சரியப்படாத மனிதர்.

“இது என்ன சொல்லுங்க?”

“ஆடு.”

“ஆட்டு மேல யாராவது சவாரி போவாங்களா?”

“நான் எதுக்குப் போறேன்? அவர்தானே போறார்.”

பொறுப்பாளர் அம்மாவும் வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பெரிய சாதி நாய்” என்றார். பிறகு தாமாகவே, “கொசு இப்ப கொஞ்ச நாளா புதுப் பாணியில போடுறாராம். நமக்கெல்லாம் சட்டுனு புரியாதுன்னு பேசிக்கிறாங்க” என்று சேர்த்துக்கொண்டார்.

அது உண்மைதான். பக்கத்திலேயே கருத்துகள் அச்சாகியிருந்தன. அதையும் குரல்காரர்தான் படித்தாக வேண்டும். ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார்: ‘விலங்கின் அடையாளத்தை அழித்ததன் வழியாக அதிகாரத்தின் முகமற்ற தன்மையை ஓவியர் தோலுரித்திருக்கிறார்.’ இன்னொருவர்: ‘ஒட்டகத்தின் கண்களில் தெரியும் சோகம் என்னைத் தூங்க விடவில்லை.’ மூன்றாமவர் சுருக்கமாக: ‘ஆடு அருமை.’

“பார்த்தீங்களா, ஆடு” என்றார் பொத்தான்காரர், தடுப்புக்கு அப்பாலிருந்து.

குரல்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். சுவரில் நூலகத்தின் விதி ஒட்டியிருந்தது: ‘கண்டதைச் சொல். கருத்தைச் சொல்லாதே.’ சரி, விதிப்படியே போவோம் என்று முடிவெடுத்தார். ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார்.

“படத்தில் ஒரு குண்டு மனிதர். அவர் ஒரு விலங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறார். அந்த விலங்குக்கு நான்கு கால்கள், இரண்டு காதுகள், ஒரு வால். மூலையில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எட்டுக் கால்கள் உள்ள ஒரு பூச்சி.”

இதில் யார் என்ன குற்றம் கண்டுபிடிக்க முடியும்?

வெள்ளிக்கிழமை காலை பதிவைப் போட்டுக் காட்டினார் பொறுப்பாளர் அம்மா.

“எலிக்கும் நாலு காலு, ரெண்டு காது, ஒரு வாலு” என்றது நானூற்றுப் பதினேழு. “தலைவர் எலி மேலயா சவாரி போறார்? அப்புறம் அது என்ன எட்டுக்கால் பூச்சி? அது கொசுய்யா, கொசு! கொசுவுக்கு ஆறு கால்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இந்த ஆளு வேணும்னே பண்றார். மூணாவது புகார்னு எழுதிக்கோங்க.”

“நான் எண்ணிப் பார்த்தேன் மேடம்! எட்டு! வேணும்னா நீங்களும் எண்ணுங்க!”

பொறுப்பாளர் அம்மா எண்ணினார். எட்டுதான். ஆனாலும் புகார் புகார்தான் என்றார். உறுப்பினருக்குப் புரியாமல் போனால் தப்பு நம்முடையது, விதி அப்படி.

எல்லாரும் கருத்துச் சொல்லலாம். பேராசிரியர் சொல்லலாம், ஒட்டகக்காரர் சொல்லலாம், பார்க்காதவர் சொல்லலாம். உள்ளதை உள்ளபடி சொன்னவன் மட்டும் குற்றவாளியா? குரல்காரருக்கு ஆறவே இல்லை. நேராக மூலத்துக்கே போய்விடுவது என்று முடிவு செய்து, வார இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘ஐயா, கடைசிப் பக்கப் படத்தில் தலைவர் சவாரி செய்வது என்ன விலங்கு என்பதை ஓவியரிடம் கேட்டு, ஒரு சொல்லில் தெரிவிக்க வேண்டுகிறேன். எனக்கு அது கழுதை போலத் தெரிகிறது. ஒலி நூலகப் பணியாளர்.’

நான்கு நாளில் உதவி ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. ‘ஓவியர் படங்களைத் தபாலில் அனுப்புகிறார். விளக்கம் எழுதுவதில்லை. என்ன விலங்கு என்று நாங்களும் கேட்கலாம் என்றுதான் இருந்தோம். கேட்டால் எங்களுக்கு ரசனை இல்லை என்று ஆகிவிடுமே என்று விட்டுவிட்டோம். தங்கள் கடிதம் சுவையாக இருந்தது. பயன்படுத்திக்கொள்கிறோம்.’

‘பயன்படுத்திக்கொள்கிறோம்’ என்றால் என்ன என்று அடுத்த வாரப் புதன்கிழமைதான் புரிந்தது. கருத்துப் பகுதியில், கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் அவருடைய கடிதமே இருந்தது. தலைப்பு: ‘நம் தலைவர் ஏறியது கழுதையா? ஒலி நூலகம் கேட்கிறது!’

“படிங்க சார், பதிவு ஓடுது” என்றார் பொத்தான்காரர்.

தன் கடிதத்தைத் தன் வாயால், நானூற்றுப் பதினேழு பேருக்கும் படித்துக் காட்டினார் குரல்காரர். பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஒரே பத்தியை மூன்று தடவை பதிவு செய்ய வேண்டியிருந்தது.

மறுநாள் நானூற்றுப் பதினேழிலிருந்து வந்தது புகார் அல்ல, எச்சரிக்கை. “படிக்கறதுதான் தப்புன்னா பத்திரிகைக்கே எழுதிப் போடுறாரா? கொசு இதைக் கேட்டா மனசு என்ன பாடுபடும்? வர்ற புதன்கிழமை, அது குதிரைன்னு திருத்தம் படிச்சாகணும். இல்லன்னா வியாழக்கிழமை காலையில நாலாவது புகார்.”

“நான் நேர்ல போறேன்” என்றார் குரல்காரர்.

“போய்ச் சண்டை போட்டுடாதீங்க சார்.”

“சண்டையா? பத்திரிகையைக் கையில எடுத்துட்டுப் போறேன். அவர் வீட்டுல கண்ணு தெரிஞ்ச ஒருத்தர் இருப்பார் இல்ல? அவரைச் சாட்சியா வெச்சுக் கேட்கிறேன். அவங்களே கழுதைன்னு சொல்லட்டும். புகாரை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போடட்டும்.”

திங்கட்கிழமை பிற்பகல், அன்று வெளியான புது இதழோடு கிளம்பினார். மூன்று மாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. மணி அடித்ததும் ஒரு அம்மாள் கதவைத் திறந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வலது கை விரல்களில் கறுப்புக் கறை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்தார்.

“ஒலி நூலகத்திலேர்ந்து வரேன். கடைசிப் பக்கம் படிக்கிறவன்.”

அம்மாளின் முகம் வெளுத்தது. கதவைப் பாதி மூடப் பார்த்தார். அதற்குள் உள்ளேயிருந்து, “யாரு? அந்தக் குரலா? உள்ள வரச் சொல்லு!” என்று கேட்டுவிட்டது.

கூடத்தில் சன்னலை ஒட்டிப் பெரிய மேசை. அம்மாள் ஓடிப்போய் அதன்மேல் ஒரு போர்வையை இழுத்துப் போட்டார். தையல் வேலை பாதியில் கிடக்கிறது போலிருக்கிறது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பெரியவர், முகத்தைச் சரியாகக் குரல்காரர் நின்ற பக்கம் திருப்பினார்.

“உட்காருங்க. உங்க குரல் நல்ல குரல்தான். கண்ணுதான் சரியில்லை.”

“புதுக் கண்ணாடிங்க. மூணு வாரம்தான் ஆகுது.”

“அப்போ டாக்டரை மாத்துங்க.”

குரல்காரர் பொறுமையாக இருக்க வேண்டும் என்று மாடிப்படியில் எடுத்த தீர்மானம் அந்த நிமிடமே காற்றில் போனது. இதழைப் பிரித்தார்.

“ஐயா, இது இந்த வாரத்துது. இன்னும் பதிவுகூடப் பண்ணல. உங்க எதிர்லயே படிக்கிறேன். எங்கே தப்புன்னு சொல்லுங்க. தலைவர் வண்டியில உட்கார்ந்திருக்கார்.”

“ரதத்துல” என்றார் பெரியவர்.

“பெட்டி மாதிரி இருக்கு. ரெண்டு சக்கரம். ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது.”

பெரியவரின் நெற்றி சுருங்கியது. “சின்னதா?”

அம்மாள் இருமினார்.

“வண்டியை இழுக்கிறது…” குரல்காரர் நிறுத்தினார். “ஐயா, என் வாயால சொல்ல மாட்டேன். அம்மா, நீங்க வாங்க. நீங்கதானே இவருக்குப் பார்த்துச் சொல்றது? மனசாட்சியோட சொல்லுங்க, இது என்ன?”

அம்மாள் கிட்டே வந்தார். படத்தைப் பார்த்தார். குரல்காரரைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“குதிரைதாங்க.”

“குதிரையா? அம்மா, காதைப் பாருங்க! முழ நீளம் இருக்கு!”

“குதிரைதாங்க” என்றார் அம்மாள், இன்னும் தாழ்ந்த குரலில்.

“நான் சொல்லல?” என்றார் பெரியவர். “பிடரி காத்துல பறக்கும், முன்னங்கால் ரெண்டும் தூக்கியிருக்கும். சரியா?”

“சரிதாங்க” என்றார் அம்மாள்.

பிடரியே இல்லை. கால் நான்கும் தரையில், மேசைக் கால்களாட்டம் நின்றுகொண்டிருந்தன. குரல்காரருக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. இந்த மனிதர் வீட்டிலும் இப்படித்தான். அவர் சொன்னால் சொன்னதுதான். எதிர்த்துப் பேச முடியாமல் அந்த அம்மாள் பயந்து நடுங்குகிறாள். பாவம்! தன் வேலைக்காகக் கிளம்பிய கோபம் இப்போது அந்த அம்மாளுக்காகவும் சேர்த்துப் பொங்கியது.

“பயப்படாதீங்க அம்மா. உள்ளதைச் சொல்லுங்க. தலைவரோட இடது கையில எத்தனை விரல்?”

“அஞ்சுதாங்க.”

“எண்ணுவோம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு!”

“ஆறா?” பெரியவர் எழுந்தே விட்டார். முகம் மனைவி இருந்த பக்கம் திரும்பியது. “என்ன இவர் ஆறுங்கறார்?”

“அச்சுல மை கசிஞ்சிருக்குங்க” என்றார் அம்மாள். சொல்லும்போதே தன் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். பிறகு பெரியவருக்குத் தெரியாது என்ற தைரியத்தில், குரல்காரரைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஒரு பெண்பிள்ளை உண்மையைச் சொல்ல முடியாமல் கும்பிடுகிறாள்! குரல்காரர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பெரியவர் பக்கம் திரும்பினார்.

“ஐயா, நீங்க வயசுல பெரியவர். ஆனா ஒண்ணு சொல்றேன். உங்க பிடிவாதத்துக்கு இந்த வீட்டுல எல்லாரும் தலையாட்டலாம். நான் ஆட்ட மாட்டேன். ஆறு விரல்! எட்டுக்கால் பூச்சி! கழுதை!”

“கொசு எத்தனை வருஷமா படம் போடுறார் தெரியுமா?” என்று கேட்டார் பெரியவர். “முப்பத்து ரெண்டு வருஷம். ஒரு விரல் கூடப் போட்டது கிடையாது. ஒரு குதிரை கழுதையானது கிடையாது. அவர் கை அப்படி. அந்தக் கையைக் கேவலப்படுத்துறீங்களே, உங்களுக்கு என்ன கிடைக்குது?”

“எனக்கா? இணைப்பு ஆ கிடைக்குது!”

“என்னது?”

“ஒண்ணுமில்ல. நீங்க நாலாவது புகாரைக் கொடுத்துக்கோங்க. பொய் சொல்லி இந்தப் பக்கத்தைக் காப்பாத்திக்கறதைவிட, நிஜத்தைச் சொல்லி டெண்டர் படிக்கிறேன்.”

“கொடுக்கத்தான் போறேன். வியாழக்கிழமைகூட இல்லை, நாளைக்குக் காலையிலேயே!”

குரல்காரர் விடுவிடென்று வெளியே வந்தார். பதினோரு வருடம் ஒரே நாளில் போனது. போகட்டும். முதல் படிக்கட்டில் இறங்கும்போது படி இரண்டிரண்டாகத் தெரிந்தது. அப்போதுதான் கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தது உறைத்தது. திரும்பிப் போவதா? உயிரே போனாலும் மாட்டார். சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினார்.

“சார்! சார்!”

அம்மாள் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க இறங்கி வந்தார். மேலே கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். கண்ணாடியை நீட்டியபோது அதன் மேல் கறுப்பாக அவருடைய கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது.

“அழாதீங்க அம்மா” என்றார் குரல்காரர். “உங்க நிலைமை எனக்குப் புரியுது.”

“புரியலைங்க சார்” என்றார் அந்த அம்மாள். “அந்தக் கொசு அவர்தாங்க. பார்வை போய் ஆறு மாசமாச்சு, பத்திரிகைக்குக்கூடத் தெரியாது. அவர் வாயால சொல்லச் சொல்ல நான்தான் வரையறேன், சொன்னபடியே வந்திருக்குன்னு நினைச்சுத்தான் அவர் தினம் சாப்பிடுறார். விரலெல்லாம் போகப் போகச் சரி பண்ணிடுவேன், நீங்க குதிரைன்னு மட்டும் படிச்சிடுங்க சார், எனக்குக் குதிரை வரவே மாட்டேங்குது.”